இடது காது விழுப்புரம், வலது காது திண்டிவனம்

பிராமிக்குப் பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. காது இரண்டும் நன்றாகக் கேட்கும். மேல்சித்தாமூரில் காலை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, திண்டிவனத்தில் இறங்கி, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு சாலையைக் கடந்து, உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆறு வருடமாக வரலாறு நடத்திக்கொண்டிருந்தாள். இந்த ஆறு வருடத்தில் ஒரு வண்டியும் அவள்மேல் மோதியதில்லை. அவளாகப் போய் மோதியது ஒரே ஒரு முறை; நடைபாதையின் நட்டநடுவே நட்டிருந்த, 'பாதசாரிகள் பாதுகாப்பு நமது கடமை' என்ற பலகையின்மேல்.

ஆகவே, அவளுக்குச் சாலையைக் கடக்கத் தெரியாது என்று தனிச்செவி வாரியம் கண்டுபிடித்தபோது, மற்ற எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவள் அவள்தான்.

கண்டுபிடிப்பு ஒரு சுற்றறிக்கையாக வந்தது. தலைமையாசிரியை செண்பகம் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். மனிதருக்கு மனிதர் காது மடலின் மேடும் பள்ளமும் வேறுபடுகின்றன. ஒரு சத்தம் முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்பதை அந்த மேடுபள்ளத்தை வைத்துத்தான் மூளை தெரிந்துகொள்கிறது. எனவே வாரியம் ஒவ்வொருவர் காதையும் அளந்து, அவரவர் காதுக்கென்றே திசையொலிக் கருவி ஒன்றைத் தயாரித்து வழங்கும். தலையில் மாட்டிக்கொண்டால், எதிரில் பஸ் வந்தால் எதிரிலிருந்தே 'பஸ்' என்று சொல்லும். பார்வையற்ற பணியாளர்கள் அனைவரும் தனிச்செவிச் சான்று பெற வேண்டும். பெறாதவர்கள் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தகுதி வாய்ந்த துணையாள் இல்லாமல் பணியிடத்துக்குள் நுழையக் கூடாது. துணையாள் பெயரைத் தினமும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"துணைக்கு யாருன்னா இருக்காங்களாம்மா?" என்று கேட்டார் செண்பகம்.

"அப்பா இருக்காரு டீச்சர். இப்ப மல்லாட்டை புடுங்கற நேரம். அவரு ஸ்கூல் வாசல்ல வந்து குந்திக்கினு இருந்தா நெலத்த யாரு பாக்கறது?"

"அப்ப சான்று வாங்கிடும்மா. ஜல்தியா வாங்கிடு. இருபத்தாறு நாள்தான் இருக்குது. எனக்கு வேற வழி தெரியல."

பிராமி சரி என்றாள். ஆனால் துணையாள் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பள்ளி, கல்லூரி என்று பதினாறு வருடம் யாராவது ஒருவர் முழங்கையைப் பிடித்தபடிதான் அவள் உலகத்துக்குள் போய்வந்தாள். சித்தி மகளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு இவளுக்கும் விடுமுறை. அந்த முழங்கைகளையெல்லாம் விட்டு, கோலோடு தனியாக முதல்முதலில் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிறிதாகிவிடும் என்று பயம்.

வாரியத்தின் மாவட்ட அலுவலகம் விழுப்புரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. சாய்தளம் உண்டு. அதில் அலுவலர்களின் மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

"காது எடுக்கறதுக்கா? உக்காருங்க மேடம்" என்றான் தொழில்நுட்ப உதவியாளன் குமரேசன். அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைப் பட்டையால் கட்டி, காதுத் துளைக்குள் அரிசி அளவு மைக் ஒன்றை வைத்தான். "எச்சில் முழுங்காதீங்க. யோசனைகூடப் பண்ணாதீங்க. நெத்தி சுருங்கினா காது அசையும்."

சுற்றிலும் எழுபத்திரண்டு இடத்திலிருந்து 'டிக்' 'டிக்' என்று சத்தம் வந்தது. ஒன்றரை மணி நேரம் அவள் யோசிக்காமல் இருந்தாள். அரசுப் பணியில் அது நல்ல தகுதி என்று பிற்பாடு அவளுக்குத் தெரிந்தது.

"முடிஞ்சுது மேடம். இடது காது ஓகே."

"வலது?"

"வலது காது திண்டிவனம்."

அவள் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தாள். இணை இயக்குநர் ஆதிநாராயணன் அந்நேரம் அறைக்குள் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, வாசனைப் பாக்கு மணம், ஒவ்வொரு வார்த்தையையும் மேடையில் வைப்பதுபோல் வைக்கும் குரல். அவரே விளக்கினார்.

"மாவட்டத்துக்கு ஒரு மெஷின்தான் வந்துதும்மா. விழுப்புரத்துல வெச்சா திண்டிவனத்துக்காரங்க மறியல் பண்றாங்க, திண்டிவனத்துல வெச்சா இங்க பண்றாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் எடுத்த நல்ல முடிவுகள்ல இது ஒண்ணு. மெஷின் ரெண்டு பாதியா கழலும். இடது பாதி இங்க, வலது பாதி அங்க. ஒரு காதுக்கு ஒரு ஊர். இதுதான் அதிகாரப் பரவல்."

"ரெண்டு காதும் சேந்தாதானே சார் தெச தெரியும்?"

"சேரும், சேரும். ஃபைல்ல சேந்துரும்."

மறுநாள் திண்டிவனம் கிளை. அங்கிருந்த கண்காணிப்பாளர் அவள் தாளைப் புரட்டிவிட்டு, "இடது காது ஏற்கெனவே விழுப்புரத்துல பதிவாயிருக்குது. இப்ப நீங்க கொண்டாந்திருக்கற வலது காதும் அந்த இடது காதும் ஒரே ஆளோடதுன்னு என்னா ஆதாரம்?" என்றார்.

"ரெண்டும் என் தலையிலதான் சார் இருக்குது."

"அது உங்க வாய்மொழி. எழுத்து வேணும். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட வாங்கிட்டு வாங்க."

ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். அவளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். எதிரில் வந்து நின்று பெருமூச்சு விட்டார். "இருவது வருஷமா நெலம் அளந்துகினு இருக்கேன். தலைய அளந்தது இல்லம்மா" என்றவர், தெரிந்த மொழியிலேயே எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி நபரின் இரு காதுகளும் மேற்படி நபரின் தலையில், வடக்கிலும் தெற்கிலும், ஆக்கிரமிப்பு ஏதுமின்றி அமைந்துள்ளன.' அவள் அப்போது கிழக்கே பார்த்து நின்றிருந்தாள். வடக்கே பார்த்து நின்றால் சான்று செல்லுமா என்று கண்காணிப்பாளர் நான்கு நாள் யோசித்தார்.

கருவி கைக்கு வந்தபோது பதினோரு நாள் மிச்சம் இருந்தது. கறுப்பாகக் கனமாக ஒரு ஹெட்செட். உச்சியில் சின்னக் கேமரா. இரண்டு காதையும் முழுக்க மூடிவிடும். வெளிச் சத்தமும் அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். 'உங்கள் காது, உங்களுக்கே' என்று அதன்மேல் எழுதியிருப்பதாகக் குமரேசன் சொன்னான்.

மாட்டிக்கொண்ட அந்த நொடியில் அறை புரண்டது. முன்னால் பேசிக்கொண்டிருந்த குமரேசன் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். மேஜை மின்விசிறி பிடரியில் சுற்றியது. எல்லாமே தலைக்குப் பின்னால் ஒரு சாக்குப் பைக்குள் கட்டிப் போட்டதுபோல் கேட்டது. அவள் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிநாராயணன் கையைத் தட்டினார். "எங்க தட்டினேன்?"

"பின்னால சார்."

"முன்னால தட்டினேன். இது?"

"அதுவும் பின்னால."

"தப்பு." பேனா கீறும் சத்தம் கேட்டது. "கருவி சரியா முன்னாலன்னு சொல்லுது. உங்க காது பின்னாலன்னு கேக்குது. உங்க காதுல ஒழுங்கு இல்ல."

"சார், கழட்டினா எனக்குச் சரியா கேக்குது. நீங்க நின்னுக்கினு இருக்கறது ஜன்னல் பக்கம். வலது கால்ல செருப்பு தேஞ்சிருக்குது."

தேய்ந்த செருப்பு உரசும் சத்தம் ஜன்னலைவிட்டு நகர்ந்தது.

"அது அங்கீகாரம் இல்லாத காதால கேட்டது" என்றார் இணை இயக்குநர். "ஒழுங்குப் பயிற்சிக்கு எழுதறேன். மூணு நாள்."

பயிற்சியில் பதினான்கு பேர். எல்லாரும் பார்வையற்றவர்கள். பயிற்றுநர் எதிரில் நின்று மணியடிப்பார், அது எங்கே என்று சொல்ல வேண்டும். பதினான்கு பேரும் 'பின்னால்' என்றார்கள். பதினான்கு பேருக்கும் தவறு போட்டார்கள். மூன்று நாளும் விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டாத, வாயில் ஒரு பருக்கை வைக்காத வீடு அது. மூன்று நாளும் வெறும் வயிற்றோடு படுத்தாள். அப்பா பார்சுவநாத்தும் சாப்பிடவில்லை என்பதை, பானையில் சோறு அப்படியே இருந்ததைத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் பக்கத்து நாற்காலியிலிருந்த சின்னக்கண்ணு மெல்லக் குனிந்தார். மாவட்ட மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இயக்குபவர், வாரியத்தைவிட மூத்தவர்.

"இன்னா கேக்குதுன்னு கேக்கறாங்கன்னு நெனச்சிக்கினு இருக்கியாம்மா? அவங்களுக்கு இன்னா வேணும்னு கேக்கறாங்க. முன்னாலன்னு சொல்லிட்டு பாஸாயிட்டுப் போ. வெளியில வந்து கழட்டிப் பையில போட்டுக்க."

பிராமி பொய் சொல்லிப் பழகாதவள். முதல் மணிக்கு 'முன்னால்' என்றபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆறு நாள்தான் பாக்கி இருந்தது. இருபது மணிக்கும் 'முன்னால்' என்றாள். இருபதுக்கு இருபது. பயிற்றுநர் கைதட்டினார். அந்தக் கைதட்டலும் அவளுக்குப் பின்னால்தான் கேட்டது.

மற்றவர்கள் பாஸாகும் அளவுக்கு மட்டும் பொய் சொன்னார்கள்; மாவட்டத்திலேயே முழு மதிப்பெண் வாங்கியது அவள் ஒருத்திதான் என்பதால், தொடக்க விழாவில் கருவி அணிந்து சாலையைக் கடந்து காட்ட அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அதன்பிறகுதான் சான்று. பொய்க்கு இவ்வளவு பெரிய பரிசு கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

விழா இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, திண்டிவனம் பேருந்து நிலையத்தின் எதிரில். சாலையோரம் பந்தல், மேடை, ஒலிபெருக்கி. போக்குவரத்தை இருபுறமும் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஆதிநாராயணன் அவள் கையிலிருந்த கோலை வாங்கிக் குமரேசனிடம் கொடுத்தார்.

"போட்டோவுல கோலு வந்தா, அப்ப கருவி எதுக்குன்னு எவனாவது கேப்பான்."

"சார், கோலு இருக்கட்டும் சார். கீழ வெச்சுக்கினு வர்றேன்."

"நம்பிக்கைதாம்மா உங்க கோல்."

ஹெட்செட் நழுவாமல் இருக்கத் தாடைக்குக் கீழே ஒரு வாரையும் மாட்டி இறுக்கினார்கள். உலகம் மறுபடி பிடரிக்குப் போயிற்று. உள்ளங்கையில் பிடிக்க ஒன்றுமில்லாமல் அவள் புடவை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. மயிலம் கூட்டுச்சாலையில் இன்னொரு விழாவில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆதிநாராயணன் பேசினார். "இது தனிமனிதனை மதிக்கும் திட்டம். ஒருவர் காது போல இன்னொருவர் காது இல்லை. இந்த உண்மையை மக்கள் மறந்தாலும் வாரியம் மறக்காது!" நாற்பது நிமிடம் போயிற்று. நின்ற பஸ்களிலிருந்து ஹாரன் அலறியது. ஆம்புலன்ஸ் ஒன்று கத்தியதும் காவலர் பொறுமையிழந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். அதே சமயத்தில் புகைப்படக்காரர் தமக்கு வேறு ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டும் என்றார். மேடையிலிருந்து சாலை தெரியாது. பந்தல் துணி மறைத்தது.

"இப்போது பிராமி அவர்கள் நடப்பார்!"

அவள் நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வழக்கமாகப் பதினெட்டு அடி. ஆறாவது அடியில் தார் அதிர்ந்தது. வண்டிகளை விட்டுவிட்டார்கள் என்று உள்ளங்கால் சொன்னது. காதுக்குள் ஒரு பெண் குரல் இனிமையாக, "பஸ். பஸ். பஸ்" என்றது. குரல் பின்னாலிருந்து வந்தது. எஞ்சின் உறுமலும் பின்னாலிருந்தே வந்தது. பின்னால் பஸ் வந்தால் மனிதர் என்ன செய்வார்? முன்னால் ஓடுவார். அவள் கால் முன்னால் தூக்கியது.

"நடங்கம்மா, நடங்க, கேமரா ஓடுது" என்று ஆதிநாராயணன் குரலும் பின்னாலிருந்து விரட்டியது.

அப்போது அவள் முகத்தில் சூடு அடித்தது. முதுகில் அல்ல, முகத்தில். டீசல் நாற்றத்தோடு நெற்றியிலும் மூக்கிலும் பட்ட அனல். தூக்கிய காலை அவள் அப்படியே நிறுத்தினாள். இரண்டு கையாலும் ஹெட்செட்டைப் பிடித்து இழுத்தாள். வார் தாடையை அறுத்தது. மறுபடி இழுத்தாள். கொக்கி தெறித்தது.

சத்தங்களெல்லாம் ஒரே அடியில் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்தன. பஸ் அவளுக்கு நேர் எதிரே, நிலையத்திலிருந்து வெளியே வந்துகொண்டு, இரண்டு முழம் தள்ளி இருந்தது. அவள் காலைப் பின்னால் ஊன்றினாள். பிரேக் கிறீச்சிட்டது. பம்பர் அவள் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையைத் தொட்டு நின்றது. உள்ளே டப்பா நசுங்கும் சத்தம் கேட்டது.

நடத்துநர் குதித்து இறங்கினார். "கண்ணு தெரியாத பொண்ண நடு ரோட்டுல வுட்டுட்டு மேடையில இன்னாய்யா பேச்சு? அறிவு இருக்குதா?"

யாரோ பிராமியின் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டம் சலசலத்தது. ஆதிநாராயணன் மேடையைவிட்டு இறங்கி வந்தார். அவர் பயந்திருந்தார், ஆனால் முப்பது வருடப் பயிற்சி பயத்தைவிடப் பெரியது.

"பதற வேண்டாம்! கருவியில் கோளாறில்லை. நானே காட்டுகிறேன்." கொக்கி தெறித்த அதே ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, சாலையில் இறங்கினார்.

கடந்தார். அதுதான் அதிசயம். "வலது பக்கம் ஆட்டோ" என்று சொல்லி நின்றார், ஆட்டோ போயிற்று. "எதிரே சைக்கிள்" என்றார், சைக்கிள்தான். போனபடியே திரும்பியும் வந்தார். கூட்டம் கைதட்டியது. விசில்கூட அடித்தார்கள்.

பந்தல் கம்பைப் பிடித்து நின்ற பிராமிக்குப் பஸ்ஸைவிட அந்தக் கைதட்டல்தான் அதிகமாக அடித்தது. அவருக்குச் சரியாக வேலை செய்கிறதே! அப்படியென்றால் என் காதுதானா? இருபத்தொன்பது வருடமாக நான் கேட்டதெல்லாம் தப்பா? வாழ்க்கையில் முதல் முறையாக அவள் தன் காதைச் சந்தேகித்தாள். சாலைச் சத்தம் முன்னால்தான் இருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள்.

அந்தக் கையில் யாரோ கோலை வைத்தார்கள். குமரேசன்.

"மேடம், நீங்க அழாதீங்க. ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அது சார் காது."

"என்னா?"

"இடது பாதி, வலது பாதி ரெண்டும் எங்களுக்குச் சேரவே இல்ல மேடம். ஒருத்தர் ஃபைலும் ஒட்டல. ஆனா ஹெட் ஆபீஸுக்கு மாதிரி காட்டறதுக்காக சார் ஆரம்பத்துல ஒரு வாட்டி மெஷின முழுசா மாட்டி உக்காந்தாரு. அது ஒண்ணுதான் முழுசா இருந்துது. அதையே எல்லாத்துலயும் ஏத்தச் சொல்லிட்டாரு. மாவட்டத்துல முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் சார் காதுதான்."

பிராமி தன் வலது காதை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "என் காது நல்லாத்தான் இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்குது மேடம்."

மறுநாள் விழுப்புரத்துக்கு விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். குறிப்பாணையைப் படித்துக் காட்டினார்கள்: 'வாரியத்தால் வழங்கப்பட்ட காதைப் பொதுச் சாலையில் கைவிட்டு, முன்அனுமதியின்றிச் சொந்தக் காதைப் பயன்படுத்தி, திட்டத்துக்குக் களங்கம் விளைவித்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.'

பிராமி இரவெல்லாம் கோபமாக ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தாள். ஆனால் ஆதிநாராயணன் நாற்காலியில் சாய்ந்து திருப்தியாக மூச்சுவிடுவதைக் கேட்டதும், வேறு ஒன்று சொன்னாள்.

"சார், நேத்து நீங்க நடந்ததப் பத்திதான் ஊரெல்லாம் பேச்சு. அவ்வளவு நல்ல காது யாரோடதுன்னு எல்லாரும் கேக்கறாங்க."

நாற்காலி முன்னால் வந்தது.

"என்னோடதும்மா." குரல் கனிந்தது. "வெளிய சொல்லக்கூடாது, ஆனா நீங்க பயனாளி, சொல்றேன். உங்க எல்லாருக்கும் நான் குடுத்தது என் காது. ஆளாளுக்குக் காது செஞ்சா மாவட்டம் என்னத்துக்கு ஆகும்? ஒருத்தன் முன்னாலன்னுவான், ஒருத்தன் பின்னாலன்னுவான். இது சாதாரணக் காது இல்லம்மா. மேல இருந்து வர்றது மட்டும்தான் இதுக்குக் கேக்கும். கீழ இருந்து எவ்வளவு கத்தினாலும் கேக்காது. முப்பது வருஷமா ஒரு மெமோ வாங்காத காது."

"அது என்கூட இருக்குதுன்னா எனக்குத்தானே சார் பெருமை? ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா ஸ்கூல்ல காட்டிக்குவேன்."

அவர் எழுதினார். வாரியத்தின் தாளில், முத்திரையோடு: 'திருமதி/செல்வி பிராமி உள்ளிட்ட பயனாளிகள் வசமுள்ள கருவிகளில் இருப்பவை எனது சொந்தக் காதுகளே என்றும், அவை பணி நேரத்தில் அவர்களுடனேயே இருக்கும் என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன்.' குமரேசனைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டச் சொன்னார். குமரேசன் படிக்கும்போது இரண்டு முறை இருமினான்.

"ஆனா தனிச்செவிச் சான்று மட்டும் தர முடியாதும்மா. நீங்க ஃபெயில்."

"பரவால்லைங்க சார்" என்றாள் பிராமி, கருவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டே.

முதல் தேதி காலை அவள் கோலோடு தனியாகச் சாலையைக் கடந்து பள்ளி வாசலில் நின்றாள். செண்பகம் புதுப் பதிவேட்டோடு காத்திருந்தார். அவர் முகம் எப்படியிருந்தது என்று பிராமிக்குத் தெரியாது. பேனாவைத் திறந்து திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"துணையாள் இல்லாம உள்ள வுட்டா எனக்கு மெமோ வரும்மா. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

பிராமி கைப்பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் கடிதத்தை வைத்தாள். செண்பகம் ஒரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடி மாற்றி மறுபடி படித்தார். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். துணையாள் தகுதி வாய்ந்தவராக இருக்க வேண்டும் என்றிருந்ததே தவிர, முழுசாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

"இணை இயக்குநர விடத் தகுதி யாருக்கு இருக்குது?" என்றார் செண்பகம், தமக்குத் தாமே. பிறகு உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "துணையாள்: திரு. ஆதிநாராயணன், இணை இயக்குநர். அடைப்புக்குறிக்குள்ள, காதுகள். வருகை ஒன்பது பத்து." ஹெட்செட்டைச் சாக்பீஸ் பெட்டிகளோடு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் நாலு இருபதுக்குத் துணையாள் கிளம்பிவிட்டதாகவும் பதிவேட்டில் எழுதினார்.

சின்னக்கண்ணுவுக்குத் தொலைபேசியில் விஷயம் போயிற்று. தொலைபேசி அவர் தொழில். கடிதத்தின் நகல் வாரத்துக்குள் மாவட்டம் முழுக்கப் பரவியது. பள்ளிகளிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் ஆதிநாராயணன் காலை வந்து மாலை போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பதிவேடுகள் தலைமையகத்துக்குப் போயின. அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை. ஆனால் கூட்டிப் பார்ப்பார்கள். இணை இயக்குநர் ஒரே வேலை நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் ஒன்பதிலிருந்து நாலரைவரை இருந்ததாகவும், விழுப்புரம் அலுவலக வருகைப் பதிவேட்டிலும் அதே நேரம் கையெழுத்திட்டிருப்பதாகவும் கூட்டல் சொன்னது. விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. முப்பது வருடத்தில் முதல் மெமோ. விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு முடிவு தெரியும்வரை துணையாள் விதி நிறுத்திவைக்கப்படுகிறது என்று புதிய சுற்றறிக்கை வந்தது.

செண்பகம் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தபோது பிராமி பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டுதுங்க டீச்சர்."

நாலரைக்குக் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சாலையோரம் வந்து நின்றாள். வலது பக்கம் தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றியது. எதிரில் இரண்டு ஆட்டோக்கள் சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தன. மணி இல்லாத ஒரு சைக்கிள், சங்கிலி உரச, இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு பதினெட்டு அடி வைத்து, ஊர் வழியாகப் போகும் செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.